வழி கேட்டவனும் வழி சொன்னவனும்

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் கோவலன் மதுரைக்கு வழி கேட்கும் கட்டம் ஒன்று வருகிறது. உறையூரைக் கடந்து தெற்கு நோக்கிப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் இடைவழியில் சந்தித்த மாங்காட்டு மறையவன், கொடும்பாளூர்க் குளக்கரையை அடைந்ததும் பாதை சிவபெருமான் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று தொடங்குகிறான். வலப்புறத்து வழியே போனால் சிறுமலை தென்படும் என்றும், இடப்புறத்து வழி திருமாலிருஞ்சோலை மலைக்குச் சென்று அங்குள்ள ஒரு பிலத்தையும் மூன்று பொய்கைகளையும் காட்டும் என்றும், நடுவில் கிடப்பதே ஊர்களும் காடுகளும் மாறிமாறி வரும் செவ்விய வழி, ஆயினும் வழிப்போக்கரை இடைமறித்து மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று அங்கே உண்டு என்றும் விஸ்தாரமாகச் சொல்லி முடிக்கிறான். இலக்கிய நயத்துக்காகவே நாம் படித்துவந்திருக்கும் இந்தப் பகுதியை, வழி கேட்டவனுக்குச் சொன்ன விடை என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், மூன்று செய்திகள் புலப்படுகின்றன. மறையவன் பிரிவழிகளைத் திசைப்பெயரால் சுட்டாமல் வலம், இடம் என்று நடப்பவன் உடம்பைக்கொண்டே சுட்டுகிறான். தூரத்தைப் பற்றி அதிகம் பேசாமல், வழியில் என்ன நேரும் என்பதைப் பற்றியே பேசுகிறான். மூன்றாவது செய்தி, அவன் அந்தப் பாதையோரத்து ஊர்க்காரன் அல்லன்; குடமலைப் பக்கத்தவன்; பாண்டிய நாட்டின் சிறப்பைக் கண்ணாரக் கண்டுவிட்டு, திருவரங்கத்தையும் திருவேங்கடத்தையும் தரிசிக்கப் போய்க்கொண்டிருக்கும் யாத்திரிகன்.

இந்த மூன்றாவது செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வழி சொல்லுதல் என்பது உலகத்தில் எல்லா ஜனங்களும் செய்கிற காரியம். ஆனால் அதைச் செய்யும்போது ஊர்க்காரன் தன் ஊரை அந்நியன் கண்ணால் பார்க்கிறானா, அல்லது அந்நியனைத் தன் கண்ணால் ஊரைப் பார்க்கச் சொல்கிறானா என்பதில்தான் தேசத்துக்குத் தேசம் வேற்றுமை தோன்றுகிறது. சென்ற அறுபது எழுபது ஆண்டுகளில் மொழியியலாரும் மனோதத்துவ நிபுணரும் நகர அமைப்பு வல்லுநரும் இந்தப் பிரச்சினையை வெவ்வேறு வாயில்கள் வழியாக அணுகியிருக்கிறார்கள். அமெரிக்க நகர அமைப்பு அறிஞரான கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்று நகரங்களில் வசிப்போர் தம் ஊரை மனத்தில் எவ்வாறு வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 1960-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஜெர்மானிய மொழியியலாளரான வோல்ஃப்காங் க்ளைன், ஃப்ராங்க்ஃபர்ட் வீதியில் போவோர் வருவோரிடம் வழி கேட்டு, அவர்கள் சொன்ன விடைகளை அப்படியே பதிவுசெய்து, அந்தச் சிறு சம்பாஷணைக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்று காட்டினார். கேட்கப்பட்டவர் ஒரு கணம் பேசாமல் நின்று வழியை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார். பிறகு வாயால் நடக்கத் தொடங்குகிறார். முடிவில் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி ஊர்ஜிதம் செய்துகொள்கிறார்.

வாயால் நடப்பது என்றேன். இது வெறும் அலங்காரப் பேச்சன்று. 1975-இல் ஷார்லட் லிண்ட், வில்லியம் லபோவ் என்ற இருவர் நியூயார்க் நகரவாசிகளிடம் அவரவர் குடியிருக்கும் வீட்டின் அமைப்பை விவரிக்கச் சொன்னபோது, 100-க்கு 97 பேர், இன்ன அறைக்கு வடக்கே இன்ன அறை என்று படம் வரைவதுபோல் கூறாமல், கதவைத் திறந்து உள்ளே போனால் கூடம், கூடத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் சமையலறை என்று, கேட்பவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதுபோலவே கூறினார்களாம். இதைப் படித்த ஆசிரியர்கள் பலர், மனிதர் யாவரும் உடம்பையே அளவுகோலாக வைத்து இடத்தை அறிகிறார்கள், முன், பின், வலம், இடம் என்பவையே மனித புத்தியின் ஆதாரச் சரக்கு என்று சாதித்தார்கள். நியூயார்க்கில் சில பேரைக் கேட்டுவிட்டு மனித குலம் முழுவதற்கும் விதி எழுதுவது பண்டிதர்களுக்கு எளிதாகக் கைவரும் வித்தை.

அந்த விதியைக் குலைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், கேப் யார்க் தீபகற்பத்தில் வாழும் ஒரு சிறு கூட்டத்தார். கூகு யிமிதிர் என்பது அவர்கள் மொழி. 1770-இல் காப்டன் குக் தமது கப்பலைச் செப்பனிட அக்கரையில் தங்கியபோது, ‘கங்காரு’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது இந்த மொழியே. ஜான் ஹேவிலண்ட், ஸ்டீவன் லெவின்சன் ஆகிய அறிஞர்கள் அவர்களிடையே தங்கி ஆராய்ந்ததில், இடத்தைக் குறிக்க வலப்பக்கம், இடப்பக்கம் என்ற வழக்கே அம்மொழியில் இல்லை, எல்லாவற்றையும் நான்கு திசைகளாலேயே சொல்கிறார்கள் என்று தெரியவந்தது. காலடியில் எறும்பு இருந்தால் உன் காலுக்கு வடக்கே எறும்பு என்பார்கள். மேஜைமேல் இருக்கும் பாத்திரத்தைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தச் சொல்வார்கள். படகு கவிழ்ந்து நீந்திக் கரையேறிய கதையை ஒருவர் சொன்னதை ஹேவிலண்ட் பதிவுசெய்திருந்தார். அதே மனிதர் சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு பக்கம் முகம் வைத்து உட்கார்ந்துகொண்டு அதே கதையைச் சொன்னபோது, படகு புரண்ட திசையைக் காட்டிய கை, முன்பு காட்டிய மெய்யான திசையையே மறுபடியும் காட்டியது. இப்படிப்பட்டவர் வழி சொன்னால் அவர் எங்கே நிற்கிறார், கேட்பவன் எப்பக்கம் பார்க்கிறான் என்ற கவலையே எழாது. ஆனால் கேட்பவனுக்கு எந்நேரமும் திசைப் பிரக்ஞை இருக்கவேண்டும்; அது இல்லாதவனுக்கு அந்த விடை கால் காசு பெறாது.

இதைக் காட்டுவாசிகளின் விசேஷ சக்தி என்று ஒதுக்கிவிடுவதும் பிழை. பீகிங் நகரத்து வீதிகள் பெரும்பாலும் திசைக்கு நேராக ஓடுவதால் அந்நகரத்தார் வடக்கே போ, கிழக்கே திரும்பு என்றே வழி சொல்வது பிரசித்தம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிரதேசத்தாரையும் நெதர்லாந்து தேசத்தாரையும் ஒப்பிட்டு 2012-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, முன்னவர்கள் வீதிப்பெயரையும் திசைப்பெயரையும் மிகுதியாகப் பயன்படுத்த, பின்னவர்கள் அடையாளங்களையும் இடவலத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டது. காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1785-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய நிலச் சட்டத்தின்படி அந்தப் பிரதேசம் முழுவதும் ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொன்றும் ஒரு மைல் சதுரங்கள் முப்பத்தாறாகவும் திசைக்கு நேராகக் கூறுபோடப்பட்டது. பாதைகளும் அந்தக் கோடுகளின் மேலேயே விழுந்தன. டச்சுக்காரனின் பழைய ஊரிலோ, வாய்க்காலும் கோட்டையும் வளைந்த வாக்கில் வீதியும் வளைந்து கிடக்கிறது. அங்கே வடக்கே போ என்றால், நாலு எட்டு நடப்பதற்குள் வீதி மேற்கே முகம் திருப்பிக்கொள்ளும்.

திசையைச் சூரியனிடமிருந்து பெறாமல் நிலத்தின் சாய்விலிருந்து பெறுகிற ஜனங்களும் இருக்கிறார்கள். மெக்ஸிகோவின் சியாபாஸ் மலைநாட்டில் தெனெஹாபா என்ற ஊரைச் சேர்ந்த செல்டால் மொழியாருக்கு மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம் என்பவையே திசைகள். அவர்கள் நாடு தெற்கே உயர்ந்து வடக்கே தாழ்வதால் மேட்டுப்பக்கம் என்றால் தெற்கு என்றாகிவிட்டது. சமதரையில் இரண்டு பாட்டில்களை வைத்துக் கேட்டாலும் ஒன்று மேட்டுப்பக்கத்துப் பாட்டில், மற்றது பள்ளத்துப் பாட்டில். பாலித் தீவில் ‘கஜா’ என்பது மலைமுகம், ‘கெலோட்’ என்பது கடல்முகம். தென் பாலியில் வடக்கே இருக்கும் கஜா, மலையைத் தாண்டி வட கரைக்குப் போனதும் தெற்கே போய்விடுகிறது. ஆனால் எங்கே நின்றாலும் தெய்வ சம்பந்தமானவை மலைமுகம் நோக்கியே இருக்கும். அத்தீவில் 1930-களில் வாழ்ந்த காலின் மக்ஃபீ என்ற சங்கீத வித்துவான், நாட்டியம் பயில வேற்றூருக்கு அனுப்பிய சிறுவன் ஒருவன், அந்த ஊரில் கஜா எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் தத்தளித்துப் பாடம் ஏறாமல் போனதைச் சொல்லியிருக்கிறார். ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு நகரில் இன்றும் ‘மௌகா’ என்றால் மலைப்பக்கம், ‘மகாய்’ என்றால் கடற்பக்கம்; தபால் முத்திரைபோல ஆங்கிலம் எல்லாவற்றின் மேலும் குத்தப்பட்ட பிறகும் இந்த இரண்டு சொற்களும் அழியவில்லை.

இவற்றையெல்லாம் வேடிக்கையாகப் பார்க்கும் தமிழர் தம் வாயில் தினமும் புரளும் இரண்டு சொற்களைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். மேற்கு என்பது மேல். கிழக்கு என்பது கீழ். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து கீழைக் கடலில் விழும் ஆறுகளின் நாட்டில் மேட்டுப்பக்கமும் பள்ளப்பக்கமும் திசைப்பெயர்களாக உறைந்துவிட்டன; செல்டால் உழவனுக்கும் நமக்கும் வித்தியாசம், அவனுக்கு அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது, நாம் அதை மறந்துவிட்டோம் என்பதே. மலைக்கு அந்தப் பக்கம் போனால் விஷயம் இன்னும் சுவையாகிறது. மலையாளிக்கு மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆயினும் உயர்ந்த மலைப்பக்கத்தை அவனும் ‘கிழக்கு’ என்றே சொல்கிறான். மேற்கை மட்டும், ஞாயிறு படும் பக்கம் என்று பொருள்பட, ‘படிஞ்ஞாறு’ என்கிறான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பாதிரியார் இதை எடுத்துக்காட்டி, மலைக்குக் கிழக்கே குடியிருந்த ஜனங்களே அந்தச் சொல்லைத் தம்மோடு மேற்கரைக்குக் கொண்டுபோயிருக்கவேண்டும் என்று வாதித்தார். ஒரு ஜாதியார் எங்கிருந்து வந்தார்கள் என்பதை ஒரு சொல்லை வைத்துத் தீர்மானிக்க முடியுமா என்பது வேறு விஷயம். ஆனால் வழி சொல்லும் சொல்லுக்குள் சொல்பவன் நடந்துவந்த வழியும் ஒளிந்துகிடக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை.

வடமொழியிலோ திசையும் உடம்பும் ஒன்றாகவே கலந்துவிட்டன. உதய சூரியனை நோக்கி நிற்பவனுக்கு முன்னால் இருப்பது பூர்வம், பின்னால் இருப்பது பச்சிமம், வலக்கைப் பக்கம் தக்ஷிணம். தக்காணம் என்ற நாட்டுப் பெயரே வலக்கைப் பக்கத்து நாடு என்பதுதான். அரபி மொழியில் யமன் தேசத்தின் பெயருக்கும் வலக்கைக்கும் இதே உறவு. வடக்கைக் குறிக்கும் அவர்கள் சொல்லுக்கு இடக்கையோடு உறவு. ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் வேல்ஸ் நாட்டார் மொழியிலும் தெற்கும் வலமும் ஒரே சொல்.

திசையால் சொல்வதா, கையால் சொல்வதா என்ற வேற்றுமை மொழிக்கு மொழி மட்டுமே உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே மொழிக்குள்ளும் உண்டு என்பதற்கு உலக ஆராய்ச்சியாளர் எடுத்துக்கொண்ட உதாரணம் தமிழே. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சார்ந்து ஆராய்ந்த எரிக் பீடர்சன் 1990-களில் தமிழ்நாட்டுக்கு வந்து, கிராமத்தாரையும் நகரத்தாரையும் தனித்தனியே சோதித்தார். ஒரு மேஜைமேல் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு, ஆளை மறுபக்கம் திரும்பச் செய்து, இன்னொரு மேஜைமேல் அதே வரிசையை வைக்கச் சொல்வது இந்த வகை ஆராய்ச்சியில் வழக்கமான பரீட்சை. உடம்பைக்கொண்டு நினைப்பவன் இடப்பக்கம் இருந்ததை இடப்பக்கமே வைப்பான், திசையைக்கொண்டு நினைப்பவன் கிழக்கே இருந்ததைக் கிழக்கே வைப்பான். நகரத்துத் தமிழர் வலது, இடது என்று பேச, நாட்டுப்புறத்துத் தமிழர் கிழக்கு, மேற்கு என்று பேசினார்கள்; இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றுதான், புழக்கம்தான் வேறு. மேல வீட்டுக்காரர், வடக்குத் தெரு, தெற்குவயல் என்று திசையாலேயே அண்டை அயலை அழைத்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமிராது. வலம் இடம் சொல்லவேண்டி வந்தாலும் சோற்றுக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று, மறக்கவே முடியாத அடையாளத்தோடுதான் கிராமத்தான் சொல்வான்.

நகரங்களை எடுத்துக்கொண்டால், வழி சொல்வதன் பாதிக் கஷ்டத்தை நகரத்தை நிர்மாணித்தவனே தீர்த்துவிடவும் முடியும், பெருக்கிவிடவும் முடியும். ஜப்பானில் மிகப் பெரும்பாலான வீதிகளுக்குப் பெயர் கிடையாது. முகவரி என்பது வீதியைச் சொல்லாமல் வட்டாரத்தையும், அதனுள் பகுதியையும், அதனுள் மனையையும் எண்ணால் சொல்வது. பழைய இடங்களில் மனை எண்கள் வரிசையாகவும் இரா. 1962-இல் ஒரு சட்டம் இயற்றி இதைச் சீர்ப்படுத்த முயன்றார்கள் என்றாலும் வீதிகள் பெயரற்றவையாகவே நின்றன. எனவே டோக்கியோவில் வழி சொல்பவன் வாயைவிடக் கையைத்தான் நம்புகிறான். காகிதத்தை எடுத்து, ரயில் நிலையத்திலிருந்து தொடங்கிப் படம் வரைகிறான். தெருமுனைப் போலீஸ் சாவடியில் இருப்பவருக்கு வட்டாரப் படத்தைக் காட்டி வழி சொல்வதே பாதி உத்தியோகம். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் ஜப்பானைப் பற்றி 1970-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயரில்லா வீதிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஆனால் அதே தேசத்தில், சீனத் தலைநகரைப் பார்த்து 794-இல் சதுரங்கப் பலகைபோல் வகுத்த கியோட்டோவில் மட்டும், இன்ன இரண்டு வீதிகள் கூடும் சந்தியிலிருந்து ‘ஏறுக’ என்றால் வடக்கே, ‘இறங்குக’ என்றால் தெற்கே என்று முகவரியே ஒரு வழிக்குறிப்பாக அமைந்திருக்கிறது. வெனிஸில் வீட்டெண்கள் வீதிவாரியாக இல்லாமல் பேட்டைவாரியாக ஆயிரக்கணக்கில் ஓடுவதால், எண்ணை நம்பிப் போகும் அந்நியன் கால்வாயில் போய் நிற்பான். ரியால்டோவுக்கு, சான் மார்க்கோவுக்கு என்று சுவரில் எழுதிய அம்புக்குறிகளே அங்கே துணை.

மதுரை இந்த விஷயத்தில் கியோட்டோவுக்குச் சளைத்ததல்ல. கோயிலை நடுவில் வைத்து, ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயரால் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வீதிகளை வளைத்து, ஒவ்வொன்றையும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலாகப் பிரித்துவிட்டதால், மேல மாசி வீதி என்ற பெயரைக் கேட்டவுடனேயே கோயிலிலிருந்து எத்தனையாவது சுற்று, எந்தப் பக்கம் என்பது இரண்டும் தெரிந்துவிடுகிறது. வழி கேட்கவேண்டிய அவசியத்தையே பெயரால் குறைத்துவிட்ட ஊர் அது. ஆனால் அதே மதுரையில்தான், இடித்துத் தள்ளிய பிறகும் தங்கம் தியேட்டர் அடையாளமாக இருந்துகொண்டு, வெளியூரானை இல்லாத கொட்டகையைத் தேட வைக்கிறது.

இல்லாத பொருளை அடையாளம் சொல்வதில் உலகத்துக்கே சக்கரவர்த்தி என்று நிகராகுவா தேசத்துத் தலைநகரான மனாகுவாவைத்தான் சொல்லவேண்டும். 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி நேர்ந்த பூகம்பம் நகரத்தின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியது. அந்த நடுப்பகுதி பழையபடி மறுபடியும் எழவேயில்லை. ஊர் சுற்றுப்புறங்களில் சிதறி வளர்ந்தது. வீதிகளுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் வழக்கில் இல்லாததால், ஏதேனும் ஓர் அடையாளத்தைச் சொல்லி, அங்கிருந்து இத்தனை கட்டம் ஏரிப்பக்கம், இத்தனை கட்டம் மேலே என்று சொல்வதே முகவரி. அப்படித்தான் கடிதத்தின்மேலும் எழுதுவார்கள். ஏரிப்பக்கம் என்றால் வடக்கு. மேலே என்றால் சூரியன் எழும் கிழக்கு, கீழே என்றால் மேற்கு; தமிழனுக்கு நேர் எதிரிடை! தூரத்தைச் சொல்ல ஸ்பானியர் காலத்து ‘வாரா’ என்ற, ஏறக்குறைய 84 சென்டிமீட்டர் கொண்ட அளவு இன்னும் வழங்குகிறது. இதெல்லாம்கூடப் பழகிவிடும். பழகாதது, முன்பு சிறுமரம் இருந்த இடத்திலிருந்து இரண்டு கட்டம் ஏரிப்பக்கம் என்பது போன்ற முகவரி. அந்தச் சிறுமரம் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைக் கண்ணால் காணாதவர்களும் அதிலிருந்தே கணக்கிட்டு வழி சொல்கிறார்கள். பக்கத்துத் தேசமான கோஸ்டா ரிக்காவிலும், தலைநகரை அடுத்த சான் பெட்ரோவில் ‘பழைய அத்திமரம்’ என்ற, மரமில்லாத இடம் ஒன்று முகவரிகளில் வாழ்கிறது. அங்கே நூறு மீட்டர் என்றால் மெய்யாக நூறு மீட்டரன்று, ஒரு கட்டம் என்று பொருள்.

இதைக் கேட்டு நகைப்பவர், ஊர்க்காரன் ஒருவன் மற்றோர் ஊர்க்காரனிடம் பேசுகிற பாஷை இது என்பதை மறந்துவிடுகிறார். மரம் இருந்தது, விழுந்தது, அதற்குப் பிறகு அந்த இடத்தில் இன்னது வந்தது என்ற சரித்திரம் தெரிந்தவனுக்கு அதைவிடச் சுருக்கமான முகவரி கிடையாது. அந்நியன் அந்தப் பாஷைக்கு வெளியே நிற்கிறான். அவனை உள்ளே அழைத்துக்கொள்ள மனாகுவாக்காரனுக்கு வேறு வழி தெரிவதில்லை, ஏனெனில் தனக்குத் தெரிந்தது பிறனுக்குத் தெரியாது என்பதே அவனுக்குத் தெரிவதில்லை.

தூரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். மைலும் கிலோமீட்டரும் வருவதற்கு முன் ஜனங்கள் தூரத்தைக் காதால் அளந்தார்கள். வடநாட்டுக் ‘கோஸ்’ என்ற அளவின் மூலமான ‘குரோசம்’ என்பதற்குக் கூவுதல் என்றே பொருள்; நம் கூப்பிடு தூரமும் அதுவே. பின்லாந்து மொழியில் ‘பெனின்குல்மா’ என்ற அளவு நாய் குரைப்பது கேட்கும் தொலைவு என்பதிலிருந்து பிறந்தது. அங்கேயே வடக்கே, கலைமான் ஒன்று சிறுநீர் கழிக்க நிற்காமல் ஓடக்கூடிய தூரம் என்று ஓர் அளவு உண்டு, அது ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முகலாயர் ஆக்ரா முதல் லாகூர் வரை கோஸுக்கு ஒரு தூணாக நாட்டிக் கூவலைக் கல்லாக்கினார்கள். பனிப்பாலை எஸ்கிமோக்களுக்கு நாட்டுவதற்குத் தூணும் இல்லை, கூவினால் கேட்பாரும் இல்லை; இக்லூலிக் பிரதேசத்தார், மேல்காற்று அடித்து இறுகிய பனிவரப்புகள் எப்போதும் ஒரே வாக்கில் கிடப்பதை அறிந்து, அந்த வரப்புகளை எந்தச் சாய்வில் வெட்டிக்கொண்டு போகவேண்டும் என்று வழி சொல்கிறார்கள்.

சொல்லோடு கையும் பேசுகிறது. ஆப்பிரிக்காவின் கானா தேசத்தில் இடக்கையை நீட்டி வழி காட்டுவது மரியாதைக் குறைவு. சோதாரோ கிடா, ஜேம்ஸ் எஸெக்பே என்ற இருவர் அங்கே வழி கேட்டுப் பார்த்து 2001-இல் எழுதியதில், இடப்பக்கம் திரும்பவேண்டிய வழியைக் காட்டுகிறவர்கள்கூட இடக்கையை முதுகுப்புறம் இடுப்பில் வைத்து அடக்கிக்கொண்டு, வலக்கையை மார்புக்குக் குறுக்கே சிரமப்பட்டு வளைத்துக் காட்டுகிறார்கள் என்று கண்டார்கள். பனாமாவின் குனா ஜனங்களும் லாவோஸ் தேசத்தாரும் கையை நீட்டாமல் உதட்டைக் குவித்துக் காட்டுவார்கள். பப்புவா நியூகினி மலையில் யுப்னோ என்ற கூட்டத்தார் மூக்கைச் சுருக்கிக் காட்டுகிறார்களாம். தலையை அசைத்து ‘அப்படிக்கா’ என்று சொல்லும் நம் தாய்மார் இவர்களோடு ஒருவாறு உறவு கொண்டாடலாம்.

இனி வழி தெரியாதவன் வழி சொல்வதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் பிரயாணிகளின் அநுபவத்தில் பெரும்பகுதி அதுதான். பீட்டர் காலெட், கிரிகரி ஓஷே என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்காக ஈரானிலும் இங்கிலாந்திலும் வீதியில் போகிறவர்களிடம் மெய்யான இடங்களோடு, எங்குமே இல்லாத கற்பனை இடங்களுக்கும் வழி கேட்டார்கள். ஆங்கிலேயர் தெரியாது என்று சொல்லிவிட, ஈரானியர் பலர் இல்லாத இடத்துக்கும் கையை நீட்டி வழி காட்டினார்கள். இதைப் பொய் என்று பெயரிட எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது பண்புக் குறைவு என்று கருதும் சமூகத்தில், விடை என்பது முதலில் உபசாரம், பிறகுதான் தகவல். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1968-இல், ராய் ஃபெல்ட்மன் என்பவர் பாரிஸ், ஏதன்ஸ், பாஸ்டன் நகரங்களில் உள்ளூரானும் வெளிதேசத்தானும் உதவி கேட்டால் யாருக்கு நன்றாக உதவுகிறார்கள் என்று சோதித்தார். பாரிஸிலும் பாஸ்டனிலும் சொந்த தேசத்தானுக்கே சலுகை கிடைக்க, ஏதன்ஸில் மட்டும் அந்நியனுக்கு அதிக உபசாரம் கிடைத்தது. விருந்தினனையும் அந்நியனையும் ஒரே சொல்லால் அழைத்த பழைய கிரேக்கரின் வாசனை அவ்வளவு நாள் நின்றதோ என்னவோ!

இங்கேதான் நம் ஆற்றுப்படை நூல்களின் பெருமை விளங்குகிறது. ஆறு என்றால் வழி. வழிப்படுத்துவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்து, பத்துப்பாட்டில் சரிபாதியை அதற்குக் கொடுத்த வேறொரு மொழியை நான் அறியேன். அவற்றில் வழி சொல்பவன் யார்? வள்ளலின் ஊரான் அல்லன். தானும் பசியோடு அந்த வழியே நடந்துபோய், பரிசில் பெற்றுத் திரும்பிவருகிற பாணனோ கூத்தனோ. 583 அடி கொண்ட மலைபடுகடாத்தில், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர் கூட்டத்துக்குச் சொல்லும் வழியில், காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும் இடம், பாம்பு உறையும் குழிகள், யார் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பது வரை எல்லாம் சொல்லப்படுகின்றன. ஊர்க்காரன் பொறி இருக்கும் இடத்தைச் சொல்லமாட்டான். அவன் கால் தானாகவே விலகி நடந்து பழகிவிட்டது. மாங்காட்டு மறையவன் விடையிலும் இதே தன்மையைத்தான் கண்டோம். அந்நியனாக நடந்தவனுக்கே அந்நியன் தடுக்கி விழும் கல் தெரியும்.

இப்போது கைப்பேசியில் ஒரு குரல் வழி சொல்கிறது. 200 மீட்டரில் வலப்பக்கம் திரும்பச் சொல்லும் அந்தக் குரல் எந்த ஊரானும் அல்ல, எந்த வழியும் நடந்ததல்ல. இந்தியாவில் மட்டும், பெயர் தெரியாத வீதியைச் சொல்லிப் பயனில்லை என்று கண்டு, 2009-ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் நிறுவனம் கோயிலையும் பெட்ரோல் பங்கையும் அடையாளம் சொல்லி வழிகாட்டும் முறையைத் தன் படத்தில் சேர்த்தது. குரல் நம் ஊர் வழக்கத்துக்குக் கொஞ்சம் இறங்கிவந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பல ஆண்டுகளுக்கு முன், அந்தக் குரல் பிறப்பதற்கு வெகு காலம் முன், மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்துக்குப் போகவேண்டி, பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன். “இப்படியே தெக்கால போங்க, ஒரு புளியமரம் வரும், அதுக்கு மேக்கால வண்டிப்பாதை” என்றார். வானம் மூடிக்கிடந்தது, தெற்கு எது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்க வெட்கமாகவும் இருந்தது. நான் தயங்கியதைப் பார்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க தம்பி, நானே காட்டிவிடுறேன்” என்று கூடவே நடந்தார். என் ஊர், தகப்பனார் பெயர், வந்த காரியம் எல்லாம் விசாரித்துக்கொண்டே புளியமரம் வரை வந்தவர், அங்கே பாதை மூன்றாகப் பிரிவதைக் கண்டு நின்றுவிட்டார். சற்றுத் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனைக் கைதட்டிக் கூப்பிட்டு, “ஏலே, இந்த ஊருக்கு எதுடா பாதை?” என்று கேட்டார். பையன் கையை நீட்டினான். நான் பெரியவரைப் பார்த்தேன்.

“மரத்துக்கு அந்தாண்ட நான் போனதில்லைங்க” என்றார். “அசலூர்ல இருந்து வந்து கேக்குறீங்க. தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?”